வாசித்துப் போட்ட கையெழுத்து

சேசு மரி சூசை துணை

ஸ்கீவ, டென்மார்க்
8-6-1986

அன்புள்ள மாக்கிரட் அக்காவுக்கு,

தம்பி நீக்கிலாஸ் அன்புடன் எழுதுவது. மணிலாவிலிருந்து நீங்கள் போட்ட வைகாசி மாதக் கடிதம் போன கிழமை கைக்கு வந்தது. இருமல் விட்டுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், சந்தோசம். எனக்கும் குறையில்லை. ஆனி மாதத்திலும் கம்பளிச் சட்டை போட வைக்கிற ஊர் இது என்பதைத் தவிர வேறு முறைப்பாடு கிடையாது.

பவளராணியும் எங்கள் மகளும் மன்னாரில் சுகம். பவளராணி எழுதும் கடிதம் எதுவானாலும் கடைசி வரி ஒன்றுதான்: "எங்களை எப்ப கூப்பிடப் போறியள்?" அவர்களைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பம் இங்கே அகதிகளுக்கு உதவும் கந்தோரில் நிரப்பி ஆயத்தமாக இருக்கிறது. என் கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்கக் கூடாது.

மாசி மாதம் உங்கள் ஊரில் நடந்ததையெல்லாம் இங்கே தொலைக்காட்சியில் பார்த்தேன். டாங்கிகளுக்கு முன்னால் சிஸ்டர்மார் செபமாலையோடு முழந்தாளில் இருந்தார்கள். அதில் உங்களைத் தேடினேன். எல்லாச் சிஸ்டர்மாரும் ஒரே மாதிரி இருந்தபடியால் எல்லாரையும் என் அக்கா என்றே நினைத்துக்கொண்டேன். இத்தனை சனம் வெறுங்கையோடு தெருவில் நின்றே ஒரு ஆட்சியை அனுப்பிவைக்கலாம் என்று யாராவது முன்னர் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இப்போது அந்த நாட்டுக்குப் புது அரசியல் யாப்பு எழுதுகிறார்களாம், அதற்குச் சனங்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம், சிறை மறியலில் கிடந்தவர்களுக்காக உழைக்கும் உங்கள் குழுவும் ஒரு மனுக் கொடுக்கப் போகிறதாம். நல்ல காரியம். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும். ஆனால் அந்த மனுவோடு சேர்க்க என்னை இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறீர்களே, அதுதான் விளங்கவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சட்டத்துக்கு மன்னார் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஒருவன் சாட்சியா? நீங்கள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் நாட்டில் பயங்கரவாதத்தைத் தடுக்க என்று அந்தச் சட்டம் வந்த பிறகு, பொலிஸ் அதிகாரிக்கு முன்னால் சொன்னதாக ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அதையே சாட்சியாக எடுப்பார்கள். அப்படி ஒரு சட்டம் இருந்தால் மனிதருக்கு என்ன நடக்கும் என்று காட்ட, அது நடந்த ஒருவன் வேண்டும். "சிங்களம் தெரியாத தம்பியிட்டைச் சிங்களத்திலை எழுதிக் கையெழுத்து வாங்கிச்சினம், அதை மட்டும் எழுது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே இங்கேயும் யாப்பு வந்து கதவைத் தட்டியது. ஐந்தாம் திகதி இந்த நாட்டின் அரசியல் யாப்பு நாள். அரை நாள் விடுமுறை. கந்தோரில் எங்களைப் பார்க்கும் அனெலீஸ என்ற பெண்மணி என்னையும் கூட்டத்துக்கு வரச் சொன்னார். அரசாங்கக் கூட்டம் என்றபடியால் கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, அகதி அட்டை, பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். எனக்கோ மடியில் கனம் இல்லாவிட்டால்தான் பயம். போய்ப் பார்த்தால் ஒரு பூங்கா. வாங்கு போட்டுச் சனம் கோப்பி குடிக்கிறது. பிள்ளைகள் புல்லில் உருளுகிறார்கள். ஒரு கிழவர் நாயோடு வந்திருந்தார். பொலிஸ்காரர் ஒருவர் நின்றார், அவரும் ஐஸ்கிறீம்தான் சாப்பிட்டுக்கொண்டு நின்றார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கழுத்துப்பட்டி கட்டியிருந்தது நானும் பேச்சாளரும் மட்டும்தான்.

பேச்சில் என்ன சொல்லுகிறார்கள் என்று அனெலீஸவிடம் கேட்டேன். கைதானவரை இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் நீதவானுக்கு முன் கொண்டுபோக வேண்டும் என்று யாப்பில் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுகிறார் என்றார். கொண்டுபோகாவிட்டால் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. என் ஆங்கிலம் பிழையோ என்று திருப்பிக் கேட்டேன். கொண்டுபோகத்தானே வேண்டும் என்றார். இன்னொரு தரம் கேட்டபோது, அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

நம் சின்னவன் அல்பேட் சிறைக்கு உள்ளே போய் இருபத்தொரு மாதமாகப் போகிறது. இன்னும் ஒரு நீதவானும் அவன் முகத்தைக் காணவில்லை. அந்தோனிதாசன் சுவாமி மாதம் ஒரு தரம் சிறைக்குப் போய் அவனைப் பார்த்து எழுதுகிறார். மற்றக் கைதிகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறானாம். வாத்தி எங்கே போனாலும் வாத்திதான்.

அக்கா, நீங்கள் கேட்டதை என்னால் எழுத முடியாது. சோம்பல் இல்லை. இரண்டு வருடமாக உங்களுக்கு மறைத்த ஒன்று அதற்குள் இருக்கிறது. அல்பேட் உள்ளே இருப்பதோடு சம்பந்தப்பட்டது. அதை அறிந்தால் நீங்கள் இனி எனக்கு எழுதுவீர்களோ தெரியாது. இந்த ஊரில் எனக்குக் கடிதம் போடுகிறவர்கள் நீங்கள், பவளராணி, அல்பேட், சுவாமி ஆகியோரை விட்டால் யாரும் இல்லை. ஆகவே இந்தத் தம்பியை விட்டுவிட்டு வேறு சாட்சி பாருங்கள்.

உங்கள் செபத்தை நம்பியிருக்கும் தம்பி,
நீக்கிலாஸ்


ஸ்கீவ
22-6-1986

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதில் வர முன்னரே இதை எழுதுகிறேன். போன கடிதத்தில் முடியாது என்றேன். இப்போது எழுதப் போகிறேன். மனம் மாறினதற்குக் காரணம் ஒரு கடதாசிதான்.

செவ்வாய்க்கிழமை அனெலீஸ என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். பவளராணியைக் கூப்பிடும் விண்ணப்பம் மேசையில் இருந்தது. டெனிஷில் நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு. பேனையைத் தந்தார். எனக்குக் கை ஓடவில்லை. தலை சுற்றுகிறது, வேறு நாள் வருகிறேன் என்று பொய் சொன்னேன். இது மூன்றாம் தரம். மனைவி பிள்ளை வரவேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்துகிறேன், கையெழுத்துப் போடச் சொன்னால் தலை சுற்றுகிறது என்கிறேன்.

அனெலீஸ கோபிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆங்கிலத்தில் கையால் எழுதித் தந்தார். யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள், பிடிக்காத இடம் இருந்தால் வெட்டுங்கள், போட விருப்பமில்லாவிட்டால் போடாமல் கொண்டுவாருங்கள், அதற்காக உங்களுக்கு ஒன்றும் நடக்காது என்றார். கடைசியாகச் சொன்னதை இரண்டு தரம் சொன்னார்.

அக்கா, நான் பதினான்கு வருடம் கச்சேரியில் இருந்தவன். எத்தனையோ சனத்தைக் கையெழுத்து வைக்கப் பண்ணியிருக்கிறேன். வாசிக்கத் தெரியாத சனம், தெரிந்த சனம், எல்லாருக்கும் நான் சொன்னது ஒன்றுதான்: "இதெல்லாம் வாசிச்சு முடியுமே, இதிலை வையுங்கோ." ஒருவருக்காவது வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கோ என்று சொன்னதில்லை. கூட்டம் அவ்வளவு என்று சமாதானம் சொல்லலாம். உண்மை என்னவென்றால் அப்படிச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே வந்ததில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். நீங்கள் மடத்துக்குப் போன பிறகு, எழுபத்துமூன்றாம் ஆண்டு, அரசாங்க ஊழியர் சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் சம்பள உயர்வு என்றார்கள். சிங்களப் பேக்கரி முதலாளி ஒருவரிடம் ஆறு மாதம் படித்தேன். அல்பேட்டுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவன்தான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்பான், பிழை விட்டால் சிரிப்பான். இரண்டாம் தரம் எழுதித்தான் பாஸ் பண்ணினேன். பெருமைப்பட ஒன்றுமில்லாதபடியால் உங்களுக்கு எழுதவில்லை.

எண்பத்துநான்காம் ஆண்டு என்னைப் பிடித்து அடைத்து வைத்த முகாமில் ஐந்தாம் நாள் என்னை ஒரு மேசைக்கு முன் இருத்தினார்கள். அதற்கு முந்திய நான்கு நாளைப் பற்றி எழுதப் போவதில்லை. உங்கள் மனுவில் அது போன்றவை நிறைய இருக்கும். இன்றைக்கும் குனிந்து சப்பாத்துக் கட்ட முதுகு விடாது, அவ்வளவு போதும். மேசையில் டைப் அடித்த கடதாசி ஒன்று இருந்தது. சிங்களம். இன்னின்னார் இயக்கத்துக்கு உதவி செய்தார்கள் என்று நான் சொன்னதாக இருந்தது. இரண்டு பெயர். முதலாவது ஆளை நான் அறியேன். இரண்டாவது பெயர் நம் அல்பேட்.

நான் வாசித்தேன், அக்கா. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். கிளாக்கர் வேலை பார்த்த கண் சும்மா இருக்காது. கடதாசியில் திகதி பிழையாக இருந்தது. புரட்டாதி பதினெட்டு என்று இருக்க வேண்டியதை எட்டு என்று அடித்திருந்தார்கள். நான் கைது செய்யப்படுவதற்கு முந்திய திகதி அது. அந்தத் திகதியோடு அந்தக் கடதாசி எங்கேயும் செல்லாது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் அந்தப் பிழையை வைத்தே யாராவது ஒரு சட்டத்தரணி அல்பேட்டை வெளியில் எடுத்திருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சேர், திகதி பிழை" என்று காட்டினேன். பேனையைத் தந்தார்கள். எட்டை வெட்டிப் பதினெட்டு என்று எழுதி, முறைப்படி பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் வைத்தேன். பிறகு கீழே பெரிய கையெழுத்து. அந்த அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். பயம் என்று சொல்லலாம். பயம்தான். ஆனால் பயந்தவன் கையெழுத்து மட்டும் போட்டிருக்கலாமே, திகதியை ஏன் திருத்தினான்? அவர்களுக்குப் பிடித்தவனாக இருந்தால் ஆறாம் நாள் அடிக்க மாட்டார்கள் என்று உடம்பு நினைத்ததோ என்னவோ. அடிக்கவுமில்லை. மூன்று நாளில் அல்பேட்டைப் பாடசாலையில் வைத்துப் பிடித்தார்கள். ஒரு மாதத்தில் என்னை விட்டார்கள்.

வெளியே வந்து எல்லாரிடமும் சொன்னேன், சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று. அது பொய்யில்லை. வாசிக்கத் தெரியாது என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்கள் தாங்களே அப்படி நினைத்து என்னைப் பார்த்து இரங்கினார்கள். பவளராணி இரங்கினாள். நீங்கள் எட்டுப் பக்கம் ஆறுதல் எழுதினீர்கள். இங்கே அகதி விண்ணப்பத்துக்காக டெனிஷ் பொலிஸில் விசாரித்தபோதும் இதையே சொன்னேன், அவர்களும் இரங்கினார்கள். அம்மா கண் மூடும்போது அல்பேட்டின் கையை என் கையில் பிடித்துத் தந்தவர். அந்தக் கையால் போட்ட கையெழுத்து இது.

உங்கள் மனுவுக்கு இதை அனுப்பினால் பிரயோசனம் இல்லை என்று முதலில் நினைத்தேன். மொழி தெரியாத அப்பாவி என்றால்தானே யாப்பு எழுதுகிறவர்கள் மனம் இளகும். இரண்டு நாள் யோசித்த பிறகு மறுபக்கமாகப் படுகிறது. மொழி தெரியாதவனுக்கு மட்டும் சட்டம் எழுதினால், அடுத்த தரம் அவன் மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவார்கள். வாசித்தாயா என்று நீதிமன்றத்தில் கேட்பார்கள். என்னைப் போல ஒருவன் வாசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தோடு கதை முடிந்தது. ஆகவே என் வழமைப்படி ஒரு வாசகம் எழுதிப் பார்த்தேன்:

"அடைத்து வைத்திருக்கும் இடத்தில் ஒருவரிடம் வாங்கிய வாக்குமூலம், அவர் அதை வாசித்திருந்தாலும், விளங்கியிருந்தாலும், தம் கையால் திருத்தியிருந்தாலும், அவருக்கோ வேறு எவருக்கோ எதிராகச் செல்லாது."

திருத்தியிருந்தாலும் என்ற சொல்லை வெட்ட வேண்டாம். சட்டம் படித்தவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை. என் பெயரைப் போடுங்கள் என்று எழுத ஆசை. பவளராணியும் மகளும் அங்கே இருக்கும்வரை அது கூடாது. அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் என்று போடுங்கள். அல்பேட்டுக்கு இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சொல்ல வேண்டியது நீங்கள்தான் என்றும் கேட்க மாட்டேன்.

நீங்கள் மன்னித்தேன் என்று எழுத வேண்டாம், அக்கா. சிஸ்டர் என்றபடியால் எழுதத்தான் எழுதுவீர்கள். இருமல் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

நீக்கிலாஸ்


ஸ்கீவ
9-11-1986

அக்காவுக்கு,

ஆடி, ஆவணியில் நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. கோபம். உங்களிலும் கோபம், அல்பேட்டிலும் கோபம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதால் பேனையைத் தொடாமல் இருந்தேன். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது.

அல்பேட்டைப் பிடித்த முதல் நாளே அந்தக் கடதாசியை அவன் கண்ணுக்கு முன் பிடித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் அந்தோனிதாசன் சுவாமியிடம் சொன்னதையும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள்: "திகதியை வெட்டித் திருத்திச் சின்னக் கையெழுத்தும் வைச்சிருக்கு சுவாமி. அண்ணையைத் தவிர வேறை ஆர் அப்பிடிச் செய்வினம்? அவர் வாசிச்சுத்தான் போட்டிருக்கிறார். அவரை எவ்வளவு அடிச்சிருந்தால் அப்பிடிச் செய்திருப்பார். எனக்குத் தெரியுமெண்டு அவருக்குத் தெரிய வேண்டாம்." சுவாமி உங்களுக்கு எழுதினார். நீங்களும் தெரியாதது போல இருபது மாதம் எனக்கு எழுதினீர்கள். மனுவுக்கு எழுது என்று கேட்டது மனுவுக்காக மட்டும் இல்லை, நானே வாய் திறக்க ஒரு வழி செய்யத்தான் என்று இப்போது சொல்கிறீர்கள்.

இருபது மாதம், அக்கா! ஒவ்வொரு கடிதத்தையும் நடுங்கி நடுங்கி எழுதினேன். ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? நீங்கள் இருவரும் என்னை நோயாளி போலப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறீர்கள். உள்ளே கிடப்பவன் வெளியே இருப்பவனைப் பார்த்து இரங்கினால் வெளியே இருப்பவன் எங்கே போய் முகத்தை வைப்பான்? இப்படியெல்லாம் கோபித்துவிட்டு, அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். டெனிஷ் பாடம் ஒன்றும் ஏறவில்லை. வகுப்பில் இருந்தபடி அழுதேன். பக்கத்தில் இருந்த ஈரான்காரர் தன் கைலேஞ்சியைத் தந்தார், காரணம் கேட்கவில்லை. இங்கே அழுகிறவனிடம் ஒருவரும் காரணம் கேட்பதில்லை. எல்லாரிடமும் ஒன்று இருக்கிறது.

ஐப்பசியில் நீங்கள் அனுப்பிய யாப்பு வரைவைப் பார்த்தேன். என் வாசகம் அதில் இல்லை. இருக்கும் என்று நினைக்கவும் இல்லை. கட்டுக்கட்டாக வந்த மனுக்களில் என்னுடையது எந்தக் கட்டில் கிடந்ததோ. ஆனால் எழுதியவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். மௌனமாக இருக்கும் உரிமையையும் சட்டத்தரணி உரிமையையும் ஒருவர் விட்டுக்கொடுப்பதென்றால்கூட எழுத்தில், சட்டத்தரணி பக்கத்தில் இருக்கத்தான் விட்டுக்கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். இதை மீறி வாங்கிய ஒப்புதல் செல்லாது. இரகசியத் தடுப்பிடம் கூடாது. அந்த மேசைக்கு முன் பக்கத்தில் ஒரு ஆள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பக்கத்தில் இருப்பவர் "திகதியைத் தொடாதேயுங்கோ" என்று சொல்லியிருப்பார். மாசியில் சனம் வாக்களிக்க வேண்டும் என்கிறீர்கள். நன்றாக முடியட்டும். எழுதிவைத்தது எல்லாம் நடக்கும் என்று நம்புகிற வயது எனக்கு இல்லை. எழுதிவைக்காத இடத்தில் என்ன நடக்கும் என்று மட்டும் தெரியும்.

பவளராணியின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்கு ஐந்து கிழமை எடுத்தேன். ஒவ்வொரு வரியையும் அகராதி வைத்துப் பார்த்தேன். மகளின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. திருத்திச் சின்னக் கையெழுத்து வைக்க முன்னர் இரண்டு தரம் பேனையைக் கீழே வைத்தேன். அனெலீஸ கண்டிருப்பார், காட்டிக்கொள்ளவில்லை. டெனிஷ் பொலிஸில் மறைத்துச் சொன்னதைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். நீங்கள் வாசித்தீர்களா இல்லையா என்பதல்ல, உங்களை என்ன செய்தார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம் என்றார். விண்ணப்பத்துக்குப் பதில் வரக் காலம் எடுக்குமாம். பவளராணிக்கும் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அவள் பதிலில் இரண்டு பக்கம் அழுகையும் ஒரு பக்கம் ஏச்சும் இருந்தது. ஏச்சை வாசித்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், அக்கா. அல்பேட் எனக்கு மாதம் ஒரு கடிதம் போடுகிறான். எல்லாவற்றிலும், "அண்ணை, குளிருக்குக் கவனம், உடம்பைப் பாருங்கோ" என்றுதான் இருக்கிறது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. சிறு வயதில் அவனுடைய பட்டத்தை மிதித்து உடைத்ததற்கு என்னை மூன்று நாள் ஏசியவன் அவன். அவனுக்கு ஏசத் தெரியும். மன்னிப்பு அவன் எப்போதோ தந்துவிட்டான், அதை நான் கேட்கவில்லை. சுவாமி மூலம் அவனுக்குச் சொல்லி அனுப்புங்கள்: அண்ணனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, இனிப் பொத்தி வைக்க வேண்டாம், ஒரே ஒரு தரம் அண்ணனை வடிவாக ஏசி எழுது என்று. சிறையில் கடிதங்களை எல்லாம் பிரித்து வாசிப்பார்கள், ஆகவே காரணம் எழுத வேண்டாம். ஏச்சு மட்டும் எழுதினால் போதும். எனக்கு விளங்கும்.

உங்கள் தம்பி, அவனுடைய அண்ணன்,
நீக்கிலாஸ்